குட்டி நீராவி இன்ஜினுக்கு ஏன் இவ்ளோ விலை? வாசகர் கேள்வி பதில்

நிஜமாவே தண்ணி கொதிச்சு, அந்த நீராவி தள்ளி ஓடுற மாடல் இன்ஜின்களைப் பத்தி போன இதழ்ல கொஞ்சம் எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் விலையைச் சுத்தியே இருந்துச்சு, அதுலயும் "சின்னதா தானே இருக்கு, அப்புறம் என்ன?"ங்கிற கேள்வி தான் ஜாஸ்தி. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், ஒரு அடி நீளம் கூட இல்லாத நீராவி இன்ஜின், ஆனா அதே சைஸ் கரண்ட் மாடலை விட பல மடங்கு விலை சொல்றாங்க. பேருக்காக ஏத்தி விக்கிறாங்களா?

பேருக்கும் கொஞ்சம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா பெரும்பகுதி நியாயமான காசு தான்.

கரண்ட் மாடலோட உடம்பு பிளாஸ்டிக், ஒரு தடவை அச்சு செஞ்சுட்டா ஆயிரக்கணக்குல எடுத்துத் தள்ளலாம், உள்ள ஒரு மோட்டார், நாலு கியர், ஒரு சர்க்யூட் போர்டு, வேலை முடிஞ்சுது. நீராவி இன்ஜினுக்குள்ள இருக்கிறது பாய்லர், பிரஷர் தாங்க வேண்டிய பாத்திரம். செப்புக் குழாயை அளவா வெட்டி, ரெண்டு முனையிலயும் விளிம்பு மடிச்ச செப்புத் தகடு வச்சு, உள்ளுக்குள்ள நெருப்பு போற குழாயை விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் சில்வர் சால்டர், அதாவது வெள்ளி கலந்த ஒட்டு உலோகம், வச்சு ஒட்டணும். அந்த சால்டர் உருகவே 600 டிகிரிக்கு மேல சூடு வேணும், ஒரு பக்கம் சூடாகி இன்னொரு பக்கம் ஆறிப்போச்சுன்னா சால்டர் ஓடாது, செம்பு வேற சூட்டை நாலா பக்கமும் கடத்திட்டே இருக்கும். பழகின கை இல்லேன்னா பாய்லர் குப்பைக்கு தான் போகும். அப்புறம் அதை டெஸ்ட் பண்ணணும். வேலை செய்யிற பிரஷருக்கு ரெண்டு மடங்கு பிரஷர்ல, தண்ணி நிரப்பி, பம்ப் பண்ணிப் பாக்குறது தான் புது பாய்லருக்கு வழக்கமான முறை. ஏன் காத்து வச்சு பண்றதில்லைன்னா, காத்து அமுங்கும், எங்கயாவது விட்டுச்சுன்னா வெடிச்சுக் கிளம்பும், தண்ணி அமுங்காது, விட்டாலும் ஒழுகிட்டு நின்னுடும்.

அதுக்கு மேல சேஃப்டி வால்வ், ரெகுலேட்டர் (சிலிண்டருக்கு நீராவியைத் திறந்து விடுறது), பிரஷர் கேஜ், லூப்ரிகேட்டர் (சிலிண்டருக்கு எண்ணெய் அனுப்புறது), கேஸ் டேங்க், பர்னர்னு சாமான் வரிசையா வருது. நிறைய பேர் இங்க தான் ஏமாந்து போறாங்க: இன்ஜின் அளவு பாதியானா செம்பும் பித்தளையும் குறையும், வேலை குறையாது. சிலிண்டர்ல போட வேண்டிய ஓட்டை எண்ணிக்கை அதே தான், மரை வெட்ற எண்ணிக்கையும் அதே தான். இன்னும் சின்னதா போனா ட்ரில் உடையும், மரை வெட்ற டேப் உள்ளயே முறிஞ்சு மாட்டிக்கும், வேலை கூடத் தான் செய்யும். அதனால "சின்னது, அதனால சீப்பு"ங்கிற கணக்கு ஒரு எல்லை வரைக்கும் தான் ஓடும், அதுக்குக் கீழ போனா கணக்கு தலைகீழாயிடும்.

கேள்வி: 32, 45, மூன்றரை, ஐந்துன்னு ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க. எது "சின்ன" இன்ஜின்? தலை சுத்துது.

எல்லாமே தண்டவாளத்தோட ரெண்டு கம்பிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, கேஜ்னு சொல்றது இதைத் தான், அவ்வளவு தான். இதுக்கு நம்பர் போட்டு வரிசைப்படுத்தி வச்சது ஜெர்மன் பொம்மைக் கம்பெனி மார்க்ளின், 1891ல லைப்சிக் சந்தையில. அதுல வந்த 1ஆம் நம்பர் கேஜ் இன்னைக்கும் 45 மிமீன்னு உயிரோட இருக்கு. அதுக்குக் கீழ 32 மிமீ. இது ரெண்டும் தரையிலயோ பலகை மேலயோ ஓடும், நீங்க பக்கத்துல நடந்து வரலாம், ஏறி உக்கார முடியாது. அதுக்கு மேல இன்ச் கணக்கு: இரண்டரை, மூன்றரை, ஐந்து, ஏழேகால். இதுல எல்லாம் பின்னாடி ட்ராலி மாட்டி ஆள் உக்காந்து போவாங்க.

என்னைக் கேட்டா மூன்றரை இன்ச்சும் அதுக்குக் கீழ இருக்கிறதும் "சின்ன" வகை. ஏன்னா வெயிட்டு. மூன்றரைல இருந்து ஐந்துக்குப் போறது கேக்க ஒன்றரை இன்ச் வித்தியாசம் தான், ஆனா நீளம் அகலம் உயரம் மூணும் சேர்ந்து வளருது, போட்டுப் பாருங்க, ஒரே இன்ஜினோட வெயிட் கிட்டத்தட்ட 3 மடங்காகுது. ஐந்துல இருந்து ஏழேகாலுக்குப் போனா அதுக்கு மேல இன்னொரு 3 மடங்கு. இன்ஜின் வாங்குற அன்னைக்கு யாரும் இதை யோசிக்கிறதில்ல, கார் டிக்கியைத் திறந்துட்டு நிக்கும்போது தான் யோசிக்கிறாங்க.

இன்னொரு விஷயம், கேஜ் வேற, ஸ்கேல் வேற. ஸ்கேல்னா நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்குங்கிறது. 32 மிமீ தண்டவாளத்துல 2 அடி அகல குறும்பாதை ரயிலை 1:19 ஸ்கேல்ல செய்வாங்க, 16 மிமீ ஸ்கேல்னு சொல்றது இதைத் தான், ஒரு அடிக்கு 16 மிமீ. நிஜ உலகத்துல குட்டியா இருந்த இன்ஜினை பெரிய ஸ்கேல்ல செய்யிறதால கைக்கு அடக்கமா, அதே சமயம் உருண்டு திரண்டு, பாய்லருக்கு நல்ல இடம் விட்டு வரும். அதே அகலத் தண்டவாளத்துல பெரிய எக்ஸ்பிரஸ் ரயிலை செஞ்சா ஒல்லியா நீளமா வரும், பாய்லரும் ஒல்லியா போயிடும். குறும்பாதை இன்ஜினுக்கு இவ்ளோ மவுசு இருக்கிறதுக்கு அழகு பாதி, இந்த இடவசதி பாதி.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல மூன்றரை இன்ச் இன்ஜின் ஐந்து இன்ச்சை விட ரொம்ப மலிவா வருது. வேலைப்பாடு ஒண்ணும் குறைவா தெரியல. ஏதாவது வில்லங்கமா?

வில்லங்கம் இல்ல, ரசனை மாறிப்போச்சு. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா காசு மிச்சம் பண்ண நினைக்கிறவங்களுக்கு உபயோகமான சமாச்சாரம் இங்க தான் இருக்கு.

ஒரு காலத்துல மூன்றரையும் இரண்டரையும் தான் ராஜா. 1920களோட தொடக்கத்துல பிரிட்டன்ல ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு. அப்ப கடையில வந்த சின்ன இன்ஜின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட்டை எரிச்சு ஓடுறவை. இவ்ளோ சின்ன அளவுல நிஜ இன்ஜின் மாதிரி ஃபயர்பாக்ஸ் (தீ எரியிற அறை) வச்சு நிலக்கரி போட்டு எரிக்கிறது சரிப்படாதுன்னு விவரம் தெரிஞ்சவங்களே சொல்லிட்டிருந்தாங்க. எல்.பி.எஸ்.சி.ங்கிற புனைபேர்ல எழுதின ஒருத்தர், "கர்லி" லாரன்ஸ்னு அறியப்பட்டவர், அதெல்லாம் முடியும்னு வம்புக்கு நின்னார். இரண்டரை இன்ச் கேஜ்ல "ஆயிஷா"ன்னு ஒரு இன்ஜினை நிலக்கரியிலயே ஓட்டி, பெரிய ஆளை உக்கார வச்சு இழுத்தும் காமிச்சார். மாடல்காரங்க இதை "பாய்லர் போர்"னே சொல்றாங்க. அதுக்கப்புறம் அவர் பல வருஷம் வீட்டு லேத்துல செய்யக்கூடிய டிசைன்களா எழுதித் தள்ளினார். மூன்றரை இன்ச்சுல "டிச்", "ஜூலியட்" எல்லாம் அவர் கைவண்ணம், பின்னாடி வந்த மார்ட்டின் எவன்ஸோட "ராப் ராய்" இன்னொரு பேர் போன டிசைன். இதையெல்லாம் எத்தனையோ பேர் செஞ்சாங்க. அப்படி செஞ்ச இன்ஜின்கள் இப்ப மார்க்கெட்டுக்கு வந்துட்டே இருக்கு. சரக்கு ஜாஸ்தி.

வாங்குற ஆள் கம்மி. மூன்றரை இன்ச்சுக்கு பொதுவா இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டின ட்ராக் வேணும், ரெண்டு பக்கமும் கால் தொங்கப் போட்டு உக்காந்து ஓட்டணும், தரையோட தரையா போட்டா ட்ராலி ஆட்டம் போடும். புதுசா போடுற தரை ட்ராக்குகள்ல ஐந்தும் ஏழேகாலும் மட்டும் போடுறது தான் வழக்கமாயிட்டு வருது. குழந்தைங்களை ஏத்தி அஞ்சாறு ட்ராலி இழுக்கணும்னா பெரிசு தான் தோது. ஸோ மாடல் இன்ஜின் க்ளப்ல சேர்ற புது ஆள் நேரா ஐந்து இன்ச்சைப் பாக்குறார், மூன்றரை இன்ச் அலமாரியிலயே உக்காந்திருக்கு, விலை சரியுது. இரண்டரை இன்ச் இன்னும் மோசம், அதை ஓட்ட ட்ராக் கிடைக்கிறதே அபூர்வம், அதுல பைத்தியமா இருக்கிற ஒரு சின்ன கூட்டம் தான் அதைக் காப்பாத்திட்டிருக்கு.

அதனால உங்களுக்குப் போக வர்ற தூரத்துல மூன்றரை இன்ச் கம்பி இருக்கிற ட்ராக் இருந்தா, அதே கைவேலை, அதே செப்பு பாய்லர், அதே நிலக்கரி வாசனை, ரொம்பக் குறைஞ்ச காசுக்கு கிடைக்குது. ட்ராக் இல்லேன்னா எவ்ளோ மலிவா வந்தாலும் தொடாதீங்க. முதல்ல ட்ராக்கைத் தேடுங்க, அப்புறம் இன்ஜினைத் தேடுங்க.

கேள்வி: அந்த சைஸ் இன்ஜின் மனுஷனை இழுக்கும்ங்கிறதை நம்பவே முடியல அண்ணே.

கணக்கு போட்டா நம்பிடுவீங்க. ஆளும் ட்ராலியும் சேர்ந்து 90 கிலோன்னு வைங்க. நல்ல பேரிங் போட்ட சக்கரம், இரும்புக் கம்பி, சமதளம். உருள்றதுக்குத் தேவைப்படுற இழுவை எடையில நூத்துல ஒரு பங்குன்னு எடுத்துக்கிட்டா 1 கிலோ கூட வரல. 20 கிலோ இன்ஜின் ஒண்ணு, வெயிட் பூரா ஓட்டுற சக்கரத்து மேலயே உக்காந்திருந்தா, வழுக்குறதுக்கு முன்னாடி அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 4 கிலோ வரைக்கும் இழுக்கும். நிறைய மிச்சம் இருக்கு. மேடு வந்தா தான் திண்டாட்டம், 100 அடிக்கு 1 அடி ஏத்தம்னா அதுவே இன்னொரு நூத்துல ஒரு பங்கைக் கேக்கும். அதனால தான் மழைத் தூறல்ல, கம்பி ஈரமான நேரத்துல, மேட்டுல ஏறும்போது சக்கரம் சும்மா சுத்தி "சர்ர்ர்"னு சத்தம் போடும். அதைக் கேக்குறதுக்குன்னே சிலர் மழையில நிப்பாங்க.

கேள்வி: சுத்திச் சுத்தி வர்றதைப் பாக்குறதுல அப்படி என்ன சார் இருக்கு? எங்க வீட்டுக்காரர் வாங்கியே ஆகணும்னு நிக்கிறார்.

அம்மா, உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா அவர் பாக்குறது சுத்துறதை இல்ல.

32 மிமீ கேஸ் இன்ஜின் ஒண்ணை ஓட்டுற ஒரு அரை மணி நேரத்தை மட்டும் பக்கத்துல இருந்து பாருங்க. முதல்ல தண்ணி, அப்புறம் லூப்ரிகேட்டர்ல எண்ணெய், கடைசியா கேஸ். நெருப்பு கிட்ட காட்டினதும் புகைபோக்கிக்குள்ள "டப்"னு ஒரு சத்தம், தீ பின்னாடி பர்னருக்குப் போய் உக்காந்துக்கும், மெல்லிசா ஒரு இரைச்சல். சில நிமிஷத்துல பிரஷர் கேஜ் முள் சும்மா ஒரு துடி துடிக்கும். ரெகுலேட்டரைத் திறந்தா உடனே ஓடாது, சிலிண்டர் குளிர்ந்து கிடக்கு, உள்ள போன நீராவி தண்ணியாகி புகைபோக்கி வழியா எண்ணெயும் தண்ணியுமா துப்பும், பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்டு நிக்காதீங்க. முன்னாடி பின்னாடி கையால நாலு தடவை தள்ளி விடணும். சிலிண்டர் சூடானதும் அதுவா நகரும். இறக்கத்துல ஓடும், ஏத்தத்துல மூச்சு வாங்கும், வளைவுல தயங்கும், கேஸ் தீரப் போகுதுன்னா சத்தத்துலயே தெரியும். நேத்து ஓடினது மாதிரி இன்னைக்கு ஓடாது. கரண்ட் மாடல்ல பட்டனைத் திருகினா போகும், நிறுத்தினா நிக்கும். இது அப்படிச் சொன்ன பேச்சு கேக்காது, அதைச் சமாளிக்கிறதுல தான் அவருக்கு ஆசை.

அதுலயும் சின்ன இன்ஜினுக்கு ஒரு தனி வசதி, ஓட்டணும்னு தோணின அரை மணி நேரத்துல ஓட்டி, துடைச்சு, உள்ள வச்சிடலாம். நிலக்கரி போடுற பெரிய இன்ஜின்னா தீ மூட்டி பிரஷர் ஏத்தவே நேரம் பிடிக்கும், முடிஞ்சதும் சாம்பல் தட்டணும், குழாய்க்கெல்லாம் பிரஷ் போடணும், தூக்க ஆள் தேடணும், அரை நாள் காலி. பெரிய இன்ஜின் வச்சிருக்கிறவங்க பல பேர் வருஷத்துல எத்தனை தடவை ஓட்றாங்கன்னு கேட்டுப் பாருங்க, பேச்சை மாத்துவாங்க. வயசானதும் பெரிசை வித்துட்டு 45 மிமீக்கு இறங்கி வர்ற ஆளுங்க இந்த ஹாபில சகஜம். அவங்க சொல்ற காரணம் முதுகுவலி, ஆனா முகத்தைப் பாத்தா சந்தோஷமா தான் இருக்காங்க.

கேள்வி: பழைய மாமோட் இன்ஜின் ஒண்ணு விலைக்கு வருது. ஆரம்பிக்க அது போதுமா?

ஆசைக்குப் போதும், பொறுமை இருந்தா. 1980 வாக்குல மாமோட்ங்கிற பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனி 32 மிமீல ஒரு குட்டி இன்ஜினை தண்டவாளத்தோட செட்டா போட்டாங்க. சாமானிய ஆள் வாங்குற விலையில நீராவி ரயில் வந்தது நிறைய பேருக்குப் பெரிய திறப்பா இருந்துச்சு. அதுல சிலிண்டரே ஆடும், ஆடுற ஆட்டத்துல ஓட்டை திறந்து மூடும், தனியா வால்வ் கிடையாது. செய்ய சுலபம், அதனால மலிவு, ஆனா நீராவி ஒழுகும், மெதுவா ஓட்டவே முடியாது, கிளம்பினா ராக்கெட்டு தான். எரிபொருள் மாத்திரை தீருற வரைக்கும் பின்னாடி ஓடணும்.

இதை நல்லாக்க பர்னர், சிலிண்டர், சேஃப்டி வால்வ்னு மாத்து சாமான் விக்கிற ஒரு தனி வியாபாரமே முளைச்சுது. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, 1982ல இங்கிலாந்துல டான்காஸ்டர்ல ஆரம்பிச்ச ரவுண்ட்ஹவுஸ் மாதிரி கம்பெனிங்க கேஸ் பர்னர், ஒழுங்கான வால்வ் வச்ச சின்ன குறும்பாதை இன்ஜின்களைக் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு அந்த வகை இன்ஜின் தான் ஆரம்பக்காரருக்கு நான் சொல்ற அளவுகோல். பழைய மாமோட்டை வாங்கி மாத்து சாமானா போட்டுட்டே போனீங்கன்னா, எல்லாம் கூட்டிப் பாக்குற அன்னைக்கு செகண்ட் ஹேண்ட் கேஸ் இன்ஜின் ஒண்ணோட விலைக்குப் பக்கத்துல வந்து நிப்பீங்க. நோண்டுறது தான் உங்க ஹாபின்னா தாராளமா வாங்குங்க, ஓட்றது தான் ஹாபின்னா வேண்டாம்.

கேள்வி: இன்னும் குட்டியா, மேஜை ரயில் சைஸ்லயே நீராவி ஏன் வரல?

வந்துச்சே! 2003ல ஹார்ன்பி கம்பெனி 16.5 மிமீ தண்டவாளத்துல "மல்லார்ட்" எக்ஸ்பிரஸ் இன்ஜினை நிஜ நீராவில கொண்டு வந்தாங்க. தீ கிடையாது, தண்டவாளம் வழியா கரண்ட் வந்து பின்னாடி டெண்டர்ல (இன்ஜினோட சேர்ந்து வர்ற தண்ணி, கரி வண்டியில) இருக்கிற பாய்லரை சூடாக்கும், அங்க இருந்து நீராவி முன்னாடி வரும். தண்ணியை சிரிஞ்சுல ஏத்தணும். அபாரமான மூளை வேலை, மறுக்கவே முடியாது. ஆனா இயற்கையை ஸ்கேல் போட்டு சுருக்க முடியாதுல்ல. அளவைப் பாதியாக்கினா உள்ள இருக்கிற தண்ணி எட்டுல ஒண்ணா குறையும், சூடு வெளிய போற மேற்பரப்பு நாலுல ஒண்ணா தான் குறையும். அதாவது உள்ள இருக்கிற சூட்டோட ஒப்பிட்டா இழப்பு ரெண்டு மடங்கு. குட்டி சிலிண்டருக்குள்ள நுழையிற நீராவி சுவத்துல பட்டதும் தண்ணியா மாறிடும், சக்கரம் முரண்டு பிடிக்கும், அப்புறம் திடீர்னு பாயும். மெதுவா, சீரா ஓட்டுறது பெரிய கலை. வாங்கினவங்க பல பேர் பெட்டியில வச்சே அழகு பாத்தாங்க. 32 மிமீயும் 45 மிமீயும் தாக்குப் பிடிச்சதுக்குக் காரணம் இதான், அதுக்குக் கீழ போனா நீராவி ஒத்துழைக்க மாட்டேங்குது.

கேள்வி: கேஸா, ஸ்பிரிட்டா, நிலக்கரியா?

முதல் இன்ஜின்னா கேஸ், யோசிக்கவே வேண்டாம். குளிர் நாள்ல மட்டும் மக்கர் பண்ணும், கேஸ் ஆவியாகும்போது டேங்க் தானா ஜில்லுன்னு ஆகி பிரஷர் விழுந்துடும், அதனால தான் சில இன்ஜின்ல டேங்கைச் சுத்தி வெதுவெதுப்பான தண்ணி ஊத்த தொட்டி வச்சிருப்பாங்க. தீ திடீர்னு பலவீனமானா முக்காவாசி நேரம் கேஸ் வர்ற குட்டி ஓட்டையில, அதாவது ஜெட்ல, தூசி. கழட்டி, பின்பக்கமா காத்து விட்டு ஊதி எடுங்க, ஊசியை விட்டுக் குத்தினா ஓட்டை பெரிசாகி ஜெட்டே வீண். ஸ்பிரிட் சத்தமே இல்லாம எரியும், இன்ஜினோட மூச்சு சத்தம் சுத்தமா கேக்கும், ஆனா காத்து அடிச்சா தீ அலையும், கொட்டினா பகல் வெளிச்சத்துல தீ எரியிறதே கண்ணுக்குத் தெரியாது, ஜாக்கிரதை. 45 மிமீல நிலக்கரி போடுற ஆளுங்களும் இருக்காங்க, கரண்டி கரண்டியா, கடலைப் பருப்பு சைஸ் கரி, ஒரு நிமிஷம் அசந்தா தீ செத்துடும். அதுல ஒரு போதை இருக்கு, முதல் வருஷம் வேண்டாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா என்னென்ன பாக்கணும்?

பெயின்ட்டைப் பாக்காதீங்க. பெயின்ட் அடிக்கிறது சுலபம்.

மூன்றரை இன்ச், அதுக்கு மேலன்னா முதல் கேள்வி பாய்லர் பேப்பர். யார் செஞ்சது, கடைசியா எப்ப டெஸ்ட் ஆச்சு, சர்டிஃபிகேட்ல இருக்கிற நம்பரும் பாய்லர்ல குத்தியிருக்கிற நம்பரும் ஒண்ணா. பேப்பர் இல்லேன்னா எந்த க்ளப்பும் ட்ராக்ல விடாது, புது பாய்லர் செய்யச் சொன்னா அது மட்டுமே சில சமயம் நீங்க இன்ஜினுக்குக் குடுத்த காசைத் தாண்டும். பழைய பாய்லரை மறுபடி டெஸ்ட் பண்ணும்போது பொதுவா ஒன்றரை மடங்கு பிரஷர் வைப்பாங்க. விக்கிறவர் "நல்லா தான் ஓடிட்டிருந்துச்சு"ன்னு சொன்னா, உங்க முன்னாடியே பண்ணிக் காட்டச் சொல்லுங்க, தயங்கினார்னா விலையைக் குறைங்க இல்ல கிளம்பி வாங்க.

32, 45 மிமீ சைஸ்ல இந்தத் தலைவலி கம்மி. பிரிட்டன்ல க்ளப்கள் பின்பத்துற விதியில பிரஷரை பார்ங்கிற அலகுல எடுத்து பாய்லர் கொள்ளளவை லிட்டர்ல பெருக்கினா 3 தாண்டாத பாய்லர்கள் தனிப் பிரிவு, நடைமுறை சுலபம். 4 பார், கால் லிட்டர்னா பெருக்கினா 1 தான். ஐந்து இன்ச் இன்ஜின்ல 6 பார், 4 லிட்டர்னு போட்டா 24 வந்துடுது. சின்னதோட கவர்ச்சியில இந்தக் காகித வேலைக்கும் ஒரு பங்கு உண்டு, யாரும் வெளிப்படையா சொல்றதில்ல.

அப்புறம் கையால பாக்க வேண்டியது. சக்கரத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும், பக்கவாட்டுலயும் ஆட்டுங்க. கொஞ்சம் ஆட்டம் இருக்கணும், லொடலொடன்னு இருக்கக் கூடாது. சக்கரத்தை மெதுவா உருட்டுங்க, ஒரே இடத்துல இறுகினா சக்கரங்களைச் சேர்க்கிற கம்பிகள்ல ஏதோ வளைஞ்சிருக்கு. சேஃப்டி வால்வ், தண்ணி பாக்குற கண்ணாடிக் குழாய், குழாய் இணைப்பெல்லாம் வெள்ளைப் பூச்சு படிஞ்சிருந்தா கடின தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காங்க, உள்ளயும் அதே படிஞ்சிருக்கும். பிளம்பிங் சாதா சால்டர் எங்கயாவது பாய்லர் மேல தெரிஞ்சா உஷார், ஒழுகலை மறைச்சிருக்காங்க. அது 200 டிகிரி வாக்குலயே இளகிடும், தண்ணி தீர்ந்து பாய்லர் காஞ்சுதுன்னா முதல்ல விடுறது அது தான்.

பாதி செஞ்ச இன்ஜின் ஒரு பெட்டி நிறைய வருது, காஸ்டிங் (வார்ப்பு உதிரி) வாங்கின விலைக்கும் கம்மியா குடுக்குறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். குடுப்பாங்க. ஏன்னா செஞ்ச பாதி சரியா செஞ்சதான்னு கண்டுபிடிக்கிற வேலை உங்களது. பல சமயம் முன்னாடி ஆள் நிறுத்தின இடமே அவர் தப்பு பண்ணின இடம். உங்ககிட்ட லேத் இருந்து, டிராயிங்கும் கூட வந்து, சட்டமும் சக்கரமும் மட்டும் முடிஞ்சிருந்தா வாங்குங்க. இல்லேன்னா அந்தப் பெட்டி உங்க கையில இருந்து அடுத்த ஆளுக்குப் போகும்.

கேள்வி: முதலீடா வாங்கி வச்சா விலை ஏறுமா?

ஏறாதுன்னே வச்சுக்கங்க. ஒருத்தர் வருஷக்கணக்கா உக்காந்து செஞ்ச இன்ஜினை விக்கும்போது சாமான் காசு வந்தாலே பெரிசு, அவரோட உழைப்புக்கு யாரும் காசு குடுக்கிறதில்ல. ஜப்பானோட ஆஸ்டர் கம்பெனி 1975ல இருந்து 45 மிமீல கம்மியான எண்ணிக்கையில போட்ட இன்ஜின்கள் மாதிரி சிலது பேருக்காகவே விலை பிடிச்சு நிக்குது, அதுவும் பெட்டி, டிராயிங் எல்லாம் இருந்தா. ஓட்டாம வச்சிருந்தா ரப்பர் வாஷர் காஞ்சு, எண்ணெய் பிசினா இறுகி, அதை சரி பண்ண ஒரு செலவு.

கேள்வி: ஒரே ஒரு இன்ஜினுக்குத் தான் காசு இருக்கு. எது வாங்கட்டும் அண்ணே?

இன்ஜினுக்கு மட்டும் காசு இருந்தா இப்ப வாங்காதீங்க தம்பி, ட்ராக்குக்கும் சேர்த்து யோசிங்க. இங்க தான் சின்ன இன்ஜின் நிஜமா ஜெயிக்குது. நாலு சக்கர குறும்பாதை டேங்க் இன்ஜின் (தனி டெண்டர் இல்லாதது) 60 செமீ ஆரம் இருக்கிற வளைவுலயே திரும்பிடும், சின்ன இடத்துல ஒரு வட்டம் போட்டா போதும். 45 மிமீ பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜினுக்கு 2, 3 மீட்டர் ஆரம் கேக்கும், அதுக்குத் தண்டவாளம் வாங்குற காசுல இன்னொரு குட்டி இன்ஜின் வந்துடலாம். எக்ஸ்பிரஸை வாங்கிட்டு ஓட்ட இடமில்லாம அலமாரியில வச்சு துடைக்கிறவங்க எத்தனையோ பேர்.

அதனால நான் சொல்றது: 32 மிமீ, நாலு சக்கரம், கேஸ், ஒழுங்கான வால்வ் வச்ச சிலிண்டர், 32க்கும் 45க்கும் சக்கரத்தை மாத்திக்கிற வசதி இருந்தா இன்னும் நல்லது, நண்பர் ட்ராக்லயும் ஓட்டலாம். செகண்ட் ஹேண்டா இருந்தா ஓட்டிக் காட்டினதுக்கப்புறம் காசு குடுங்க. கூடவே நீராவி சிலிண்டருக்குன்னே விக்கிற கெட்டியான எண்ணெய் ஒரு பாட்டில், டிஸ்டில்டு வாட்டர் இல்ல சுத்தமான மழைத்தண்ணி, தண்ணி ஏத்த ஒரு சிரிஞ்ச். இன்ஜின் ஆயிலை மட்டும் ஊத்திடாதீங்க, நீராவி சூட்டுல அது கழுவிட்டுப் போயிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் லூப்ரிகேட்டரைத் திறந்து வடிச்சுப் பாருங்க, நீராவி ஆறி தண்ணியாகி அடியில தங்கி எண்ணெயை மேல தள்ளி அனுப்புறது தான் அதோட வேலை, அதனால முதல்ல தண்ணி வரணும். வெறும் எண்ணெயா வந்தா அது வேலை செய்யல, சின்ன ஓட்டை எங்கயோ அடைச்சிருக்கு, அதை எடுத்துட்டு அப்புறம் ஓட்டுங்க.

ரேடியோ கன்ட்ரோல் மாட்டலாமான்னு கேட்டவங்களுக்கு அடுத்த இதழ்ல தனியா எழுதுறேன், அதுக்கு எந்த இன்ஜின், எந்த கேஜ்னு உங்க கேள்வியிலயே போட்டு அனுப்புங்க.